பூனைக்கு மிட்டாய் கொடுக்கலாமா?

எங்கள் வீட்டில் ஐந்து ஜீவன்கள். நான், என் கணவர், மாமியார், ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள், அப்புறம் பட்டு. பட்டு என்பது பூனை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழை ராத்திரி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்த என் கணவரின் வண்டிக்குப் பின்னாலேயே தெருமுனையிலிருந்து கத்திக்கொண்டு வந்து, எங்கள் வாசல்படியில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. "பூனை வளர்த்தா குடும்பத்துக்கு ஆகாதும்மா" என்று அன்று முகம் சுளித்த மாமியார், பத்தாம் நாள் தன் தட்டிலிருந்தே தயிர் சாதம் எடுத்து அதற்கு வைக்க ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

என் மகள் அழுதுகொண்டே கேட்ட ஒரு கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் போன வருஷ ஆயுத பூஜையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தொழிற்பேட்டை ஊரில் ஆயுத பூஜை என்றால் தீபாவளிக்குச் சமம். மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், லாரிகளுக்கு வாழைக்கன்று, கேட்டுக்குப் பூசணிக்காய். வேலை செய்கிறவர்களுக்குப் பொரி, கடலை, அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ். என் கணவர் கொண்டு வந்த பெட்டியில் மைசூர் பாகும் லட்டும் இருந்தன. நெய் கசிந்து, அட்டை எல்லாம் ஊறி, சுற்றிக் கட்டியிருந்த நூல்கூடப் பிசுபிசுத்தது. பூஜைக்கு நேரமாகிறதே என்று அவசர அவசரமாகப் பிரித்து தட்டில் அடுக்கினேன்.

பூஜை முடிந்ததும் என் மகள் தன் பங்கைக் கடை பரப்பினாள். பொரி, கடலை, ஒரு துண்டு மைசூர் பாகு, கை நிறைய ஆரஞ்சு மிட்டாய். அதிலிருந்து இரண்டு மிட்டாயை எடுத்துப் பட்டுவின் முன்னால் வைத்து, "இன்னிக்கு உனக்கும் பூஜை. சாப்பிடு" என்றாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கவில்லை. குழந்தை பகிர்ந்து கொடுக்கிறதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று ராத்திரி இரண்டு மணிக்குப் பட்டு வாந்தி எடுத்தது. காலையில் இன்னொரு தடவை, வெறும் நுரை. மீன்காரம்மாவின் குரல் கேட்டால் மூன்று வீடு தாண்டி ஓடுகிற பூனை, அன்று கிரைண்டருக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டது. கூப்பிட்டால் தலையைக்கூடத் திருப்பவில்லை. மத்தியானத்துக்குள் என் மகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "நான் மிட்டாய் குடுத்ததாலதான் பட்டுவுக்கு இப்படி ஆச்சாம்மா? செத்துப் போயிடுமா?" என்று கேட்டாள்.

ஆறு வயசுக் குழந்தைக்கு என்ன பதில் சொல்வது? "இல்லடி கண்ணு" என்று வாய் சொன்னது. மனசுக்குள், அப்படித்தான் இருக்குமோ என்று பயம்.

என் மாமியார் பூனையின் காதைத் தொட்டுப் பார்த்தார். "கொதிக்குதும்மா. பாப்பாவுக்குக் கொடுக்கிற ஜுர மருந்து இருக்கில்ல, அதுல அரை ஸ்பூன் குடு. பாகு மாதிரி இனிக்கும், குடிச்சிடும்" என்றார். அவர் சொன்னதில் எனக்குத் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. பாட்டிலைத் திறந்து ஸ்பூனில் ஊற்றி, வாயருகே கொண்டுபோனேன். பட்டு பல்லைத் திறக்கவே இல்லை. வலுக்கட்டாயமாகப் பிடித்தபோது மணிக்கட்டில் நீளமாக ஒரு பிராண்டு பிராண்டியது. மருந்து முழுக்கத் தரையில். "சனியனே!" என்று திட்டினேன். இப்போது அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் பட்டுவிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் காலை என் கணவர் லீவு போட்டார். காய்கறிக் கூடைக்குள் துண்டு விரித்துப் பட்டுவை வைத்து, இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி, அரசாங்க கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். எங்களுக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி, இரண்டு ஆடு. மகளும் வந்தே தீருவேன் என்று அடம்பிடித்துக் கூட வந்திருந்தாள்.

டாக்டரம்மா விவரம் கேட்டார். நான் மிட்டாய் கதையைச் சொன்னேன். "சாக்லேட்டா?" என்றார் உடனே. இல்லை, ஆரஞ்சு மிட்டாய் என்றேன். "எத்தனை தின்னுச்சு?" நான் யோசிப்பதற்குள் என் மகள் மெல்லிய குரலில், "தின்னலை ஆன்ட்டி. மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு. அப்புறம் எறும்பு மொய்ச்சுதுன்னு நானே எடுத்துப் போட்டுட்டேன்" என்றாள்.

டாக்டரம்மா அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பட்டுவின் தலையை ஒரு கையால் பின்னுக்குச் சாய்த்து வாயைத் திறந்தார். கட்டை விரலால் தாடைக்கு அடியிலிருந்து மேலே அழுத்த, நாக்கு தூக்கிக்கொண்டது. "இங்க பாருங்க" என்றார். நாக்கின் அடியில், வேரோடு வேராக, நூல் ஒன்று சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. அதன் மறுமுனை தொண்டைக்குள் இறங்கிக் காணாமல் போயிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்வீட் பாக்ஸ் நூல்! அன்று அதைப் பிரித்துச் சமையல் மேடை ஓரத்தில் போட்டவள் நான். பட்டுவை இழுத்தது மிட்டாயின் சர்க்கரை இல்லை, நூலில் ஊறியிருந்த நெய்.

"இவ்வளவுதானா? இழுத்துட்டா வந்துடுமே" என்று என் கணவர் கையை நீட்டினார். "தொடாதீங்க!" என்று டாக்டரம்மா போட்ட சத்தத்தில் வெளியே ஆடு மிரண்டிருக்கும். பிறகு நிதானமாக என் பக்கம் திரும்பி, எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். "பாவாடை நாடாவை ஒரு பக்கம் இறுக்கிப் பிடிச்சுட்டு இழுத்தா துணி எப்படிச் சுருங்கும்? அதே மாதிரிதான் குடலும். ஒரு முனை நாக்குல மாட்டிக்கிட்டு இருக்கு, மீதி குடலுக்குள்ள போயிருக்கு. குடல் அசைய அசைய அந்த நூல் மேல சுருங்கிச் சுருங்கி ஏறும். நீங்க இழுத்தா நூல் கத்தி மாதிரி குடலை அறுத்துடும்."

பூனை இதில் ஏன் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது என்பதற்கும் காரணம் உண்டாம். பூனையின் நாக்கில் சொரசொரவென்று சின்னச் சின்ன முட்கள் இருக்கின்றன. எல்லாம் தொண்டைப் பக்கம் பார்த்துச் சாய்ந்தவை. ரோமத்தைச் சீவிக்கொள்ளவும் எலும்பிலிருந்து கறியைச் சுரண்டவும் அவை உதவும். ஆனால் நூல் மாதிரி ஒன்று வாய்க்குள் போய்விட்டால் பூனையால் துப்ப முடியாது. முட்கள் அதை உள்ளேதான் தள்ளும். தையல் நூல், பூக்கட்டும் நார், பட்டம் விடும் நூல், பரிசுப் பொட்டலத்தின் ரிப்பன் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தி.

டாக்டரம்மா நாக்கடியில் இருந்த நூலை மட்டும் கத்தரித்து விட்டார். சில சமயம் அவ்வளவே போதும், மீதி தானாக வெளியேறிவிடுமாம். ஆனால் பட்டு இரண்டு நாளாக வாந்தி எடுத்துத் துவண்டிருந்ததால், "தாமதம் பண்ணாதீங்க, வேப்பேரிக்குக் கொண்டு போயிடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியைத்தான் எங்கள் பக்கத்தில் வேப்பேரி என்று ஊர்ப்பெயராகவே சொல்வார்கள். 1903ல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்துப் பிறகு வேப்பேரிக்கு மாறிய கல்லூரி. 1989லிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது. வாடகைக் கார் பிடித்து, கவரப்பேட்டை, செங்குன்றம், மாதவரம் என்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். மடியில் கூடை. கூடைக்குள் சத்தமே இல்லை. சத்தம் போட்டாலாவது தேவலையே என்று இருந்தது.

ஆபரேஷன் செய்தார்கள். குடல் சுருங்கியிருந்ததே தவிர அறுபடவில்லை. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த என் மகள், "அப்ப நான் இல்லையாம்மா?" என்றாள். "நீ இல்லடி. அம்மாதான்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பரவாயில்லம்மா, நீ வேணும்னா பண்ணே?" என்று என் கன்னத்தைத் தடவினாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

சரி, பட்டு பிழைத்தது. ஆனால் மகளின் கேள்வி அப்படியே நின்றது. ஒருவேளை அந்த மிட்டாயைத் தின்றிருந்தால்? தையல் பிரிக்கப் போகும்போதெல்லாம் டாக்டர்களைத் துளைத்து எடுத்தேன். தேடித் தேடிப் படிக்கவும் செய்தேன்.

முதல் ஆச்சரியம், பூனைக்கு இனிப்பு என்பதே தெரியாதாம்! நம் நாக்கில் இனிப்பை உணர்கிற வாங்கி ஒன்று இருக்கிறது. இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். அந்த இரண்டில் ஒன்றைத் தயாரிக்கிற ஜீன் பூனைக்குப் பழுது. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆராய்ச்சி நிலையத்தார் இதை 2005ல் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அந்த ஜீனில் 247 எழுத்துக்கள் விட்டுப் போயிருக்கின்றனவாம். நம் வீட்டுப் பூனைக்கு மட்டும் இல்லை, புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும் அதே கதை. வண்டலூர் புலிக்கு லட்டு கொடுத்தாலும் அதற்கு ருசி தெரியாது என்று சொன்னேன். என் மகளுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் இதையே பேசிக்கொண்டிருந்தாள்.

"அதெப்படி? எங்க வீட்டுப் பூனை பாயசம் குடிக்குதே, ஐஸ்கிரீம் நக்குதே!" என்று எதிர்வீட்டு அக்கா சண்டைக்கு வந்தார். தடாவிலிருந்து கல்யாணமாகி வந்தவர், மூன்று பூனைக்கு எஜமானி. பூனை அதில் தேடுவது பாலின் கொழுப்பையும் புரதத்தையும்தான். சர்க்கரை கூடவே போகிறது, அவ்வளவுதான். மைசூர் பாகை நக்கினாலும் நெய்க்காகத்தான். "அப்ப வெல்லம், தேன், பனங்கற்கண்டு? அதெல்லாம் உடம்புக்கு நல்லதாச்சே" என்றார். நமக்கே அவை சர்க்கரைதான், பூனைக்குக் கேட்க வேண்டுமா!

சுத்த மாமிசம் தின்னப் பிறந்த பிராணி பூனை. நம் எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கிற பொருள் உண்டு, பூனையின் எச்சிலில் இல்லை. குடலிலும் சர்க்கரையை உடைக்கிற சக்தி குறைவு. அதனால் நிறையச் சர்க்கரை உள்ளே போனால் வயிற்றுப்போக்கு வரும். தனக்கு வேண்டிய சர்க்கரையைக்கூட மீன், கறியின் புரதத்திலிருந்து அதன் ஈரலே தயாரித்துக்கொள்கிறது. ஆகவே ஒரு சாதாரண ஆரஞ்சு மிட்டாயை நக்கிவிட்டால் பூனை செத்துப் போகாது. பயந்து அலற வேண்டாம். ஆனால் அதனால் அதற்கு எள்ளளவும் லாபம் இல்லை.

விஷம் என்று சொல்ல வேண்டியது சாக்லேட்டைத்தான். அதனால்தான் டாக்டரம்மா முதல் கேள்வியாக அதைக் கேட்டார். கோக்கோவில் தியோபுரோமின் என்று ஒரு பொருள், கூடக் கொஞ்சம் காபீன். நம் உடம்பு அவற்றை வெளியேற்றிவிடும். பூனைக்கும் நாய்க்கும் அது சுலபமில்லை. வாந்தி, இருப்புக்கொள்ளாமல் அலைவது, நெஞ்சு படபடவென்று அடிப்பது, நடுக்கம், கடைசியில் வலிப்பு. வெள்ளைச் சாக்லேட்டில் இது அநேகமாக இல்லை. பால் சாக்லேட்டில் குறைவு. கருப்புச் சாக்லேட்டில் அதிகம், கேக்குக்குப் போடுகிற கோக்கோ பொடியில் எல்லாவற்றையும் விட அதிகம். மூன்று கிலோ பூனைக்கு அந்தப் பொடி ஓரிரு டீஸ்பூன் போனாலே ஆபத்து. காபி மிட்டாய், மேஜையில் திறந்து வைத்த டிகாஷன் இவையும் எச்சரிக்கைக்கு உரியவைதான்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கென்று விற்கிற சர்க்கரையில்லா மிட்டாய், சூயிங்கம் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்க்கிறார்கள். நாய்க்கு அது பரம விரோதி. ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கி, ஈரலையும் கெடுத்துவிடும். பூனைக்கு அந்த அளவு கேடு செய்வதில்லை என்று 2018ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. நாயும் பூனையும் சேர்ந்து வளர்கிற வீட்டில் இதை மறக்காதீர்கள். லட்டில் இருக்கிற உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. பூனைக்கும் வைக்க வேண்டாம் என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள்.

மிட்டாய் என்றதும் சாயமும் ஞாபகம் வருகிறது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருப்பது தெரிந்து, புதுச்சேரியிலும், அடுத்து 17ஆம் தேதி நம் தமிழ்நாட்டிலும் அதன் விற்பனையைத் தடை செய்தார்கள் அல்லவா? நம் குழந்தைகள் திருவிழாவில் ஆசை ஆசையாய்த் தின்ற சாமான்! பூனையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் அதை வாங்கிக் கொடுத்த நான் என்னை நொந்துகொள்ள வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயம், இது நான் படித்ததில் எனக்கு மிகவும் உறைத்தது. மிட்டாய் தரையில் விழுந்தால் எறும்பு வரும். எறும்பு வந்தால் நாம் என்ன செய்வோம்? மருந்துச் சாக்பீஸால் கோடு போடுவோம், பொடி தூவுவோம். அவற்றில் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்ட் என்ற இனத்து மருந்து. அதைக் கழித்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. கோட்டின் மேல் நடந்து, அப்புறம் காலை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பூனை. உடம்பு உதற ஆரம்பித்தால் நமக்குக் காரணமே புரியாது. மிட்டாய் விழுந்த இடத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டால் எறும்பும் வராது, சாக்பீஸும் வேண்டாம். நாய்க்குப் போடுகிற உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள் என்று டாக்டர்கள் தலைபாடாக அடித்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

இனி அந்த ஜுர மருந்து விஷயம். குழந்தைகளுக்குக் கொடுக்கும் அந்த இனிப்பு மருந்தில் இருப்பது பாராசிட்டமால். பூனைக்கு அது கொடிய விஷம். நம் ஈரல் அதைப் பக்குவமாக மாற்றி வெளியேற்றுகிறது. அந்த வேலைக்கு வேண்டிய ஒரு நொதி பூனையின் ஈரலில் சரிவர இல்லை. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு திணறும். ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். டாக்டரிடம், "நான் அரை ஸ்பூன் கொடுக்கப் பார்த்தேன்" என்று சொன்னபோது அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. "குடிச்சிருந்தா நூலை எடுத்தும் பிரயோஜனம் இருந்திருக்காதும்மா" என்றார். பட்டுவுக்கு இனிப்பு தெரிந்திருந்தால் குடித்திருக்கும். என் மாமியாரிடம் இதைச் சொன்னேன். அன்று சாயங்காலம் அவர் சாமி படத்துக்கு ஒரு விளக்குக் கூடுதலாக ஏற்றினார்.

"சரி, தினம் துளி சர்க்கரை போட்டுப் பால் வைக்கிறேன், ஒண்ணும் ஆகலையே" என்கிறார் எதிர்வீட்டு அக்கா. ஒரு நாளில் ஒன்றும் ஆகாதுதான். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலே ஒத்துக்கொள்ளாது, வயிறு கழியும். அதோடு தினசரி இனிப்பும் சோறும் தின்று, வீட்டை விட்டு அசையாமல் தூங்கினால் எடை ஏறும். பருத்த பூனைக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றதைவிடச் சுமார் நான்கு மடங்கு. ஆமாம், பூனைக்கும் சர்க்கரை வியாதி வருகிறது. நடுத்தர வயசில் நமக்கு வருகிறதே, கிட்டத்தட்ட அதே ரகம். ஓயாமல் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், நன்றாகத் தின்றும் இளைக்கும். சிலது பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து நடக்கும். அப்புறம் இன்சுலின் ஊசி. மாமியாருக்கு ஒரு ஊசி, பூனைக்கு ஒரு ஊசி என்றால் குடும்பம் தாங்குமா?

ஒன்று மட்டும் தமாஷ். மிட்டாய் தின்றால் பல் சொத்தையாகும் என்று குழந்தைகளை மிரட்டுகிறோமே, பூனைக்கு நம்மைப் போலச் சொத்தைப் பல் அநேகமாக வருவதே இல்லையாம். அதற்கு வருவது ஈறு வியாதியும், பல் வேரோடு கரைகிற வேறொரு தொல்லையும். என் மகளிடம் இதைச் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறேன்.

மாமியாரின் தயிர் சாதத்துக்கும் ஒரு வழி பண்ண வேண்டியிருந்தது. சைவ வீடுகளில் பூனை தயிர் சாதம், பால் சாதத்திலேயே வளர்வதைப் பார்க்கிறோம். வெளியே எலி, பல்லி, குருவி என்று பிடித்துக் குறையைச் சரிக்கட்டிக்கொள்வதால்தான் அவை தாங்குகின்றன. வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்த்தால் அது போதாது. டாரின் என்ற சத்து மாமிசத்திலும் மீனிலும்தான் உண்டு. பூனையின் உடம்பு அதைப் போதிய அளவு தானே தயாரிக்காது. அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்று 1975லும், இதயத் தசை பலவீனமாகும் என்று 1987லும் அமெரிக்காவில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். கடைகளில் விற்கிற பூனைத் தீனியில் டாரின் சேர்ப்பதும் இதனால்தான்.

எங்களுக்குப் பழவேற்காடு பக்கம். அங்கிருந்து கூடையில் வருகிற காரப்பொடி மீன் மலிவு. உப்பு, மிளகாய் எதுவும் போடாமல் தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்து வைக்கிறேன். பச்சையாக வைக்கக் கூடாது. சில மீன்களில் பி-1 வைட்டமினை அழிக்கிற பொருள் இருக்கிறது, வேகவைத்தால் போய்விடும். மீன் குழம்பு சாதமும் இப்போது கிடையாது. குழம்பில் இருக்கிற வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்குமாம். இதைக் கேட்டபோது, இத்தனை வருஷம் எத்தனை பூனைக்குக் குழம்பு சாதம் போட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

உங்கள் வீட்டுப் பூனை சாக்லேட்டோ, மாத்திரையோ, நூலோ விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கப் பார்க்காதீர்கள். உப்பே அதற்கு விஷமாகிவிடும். எண்ணெய், மோர், கைவைத்தியம் எதுவும் வேண்டாம். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, உறையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஆசனவாயில் நூல் தொங்குவதைப் பார்த்தாலும் இழுக்காதீர்கள். மிட்டாய் உறையும், உறிஞ்சுகிற மிட்டாயின் குச்சியும் குடலை அடைக்கக்கூடியவைதான். குப்பைக் கூடைக்கு மூடி போட்டால் பாதித் தொல்லை தீரும். நான் இருபத்தைந்து ரூபாய்க்கு யோசித்து மூடியில்லாத கூடை வாங்கியவள். ஆபரேஷனுக்கும் காருக்குமாக எவ்வளவு ஆனது என்று என் கணவர் இன்னும் கணக்குச் சொல்லிக் காட்டுகிறார்.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்று. பூனை நக்கிய மிட்டாயைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்கிற வழக்கம் என் மகளுக்கு இருந்திருக்கிறது. விசாரித்ததில்தான் தெரிந்தது! எலியும் பல்லியும் தின்கிற வாய். பதறிப் போய் அவளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தேன். பட்டுவுக்கும் டாக்டர் தனியாகக் கொடுத்தார்.

மிட்டாய் கொடுக்காதே என்று என் மகளிடம் வெறுமனே சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டாள். "அதுக்கு ருசி தெரியலைன்னா நாமளே பாத்துடலாம்மா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வைத்தாள். பட்டுவின் வயிற்று ரோமம் அப்போது முழுசாக முளைத்திருந்தது. இரண்டு கிண்ணம். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் துளி சர்க்கரை கரைத்த தண்ணீர். பட்டு வந்தது. கிட்ட இருந்த கிண்ணத்தில் இரண்டு வாய் குடித்தது. அது வெறும் தண்ணீர். கிண்ணங்களை இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் கிட்ட இருந்ததில் இரண்டு வாய். இப்போது அது சர்க்கரைத் தண்ணீர். இரண்டுக்கும் முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

அதற்குள் வாசலில் மீன்காரம்மாவின் குரல் கேட்டது. பட்டு கிண்ணத்தைத் தட்டிவிட்டு ஓடியது. என் மகள் கையில் வைத்திருந்த ஆரஞ்சு மிட்டாயை உறை பிரித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, உறையை மறக்காமல் மூடி போட்ட கூடையில் போட்டுவிட்டு, அதன் பின்னாலேயே ஓடினாள்.